பேய்ப்படத்துக்கு வந்த செத்தவீட்டுச் சனம்

1

நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் பார்ட்டி ரூமில், சனிக்கிழமைப் பிற்பகல்களில், பழைய ஹொலிவூட் பேய்ப்படங்கள் காட்டத் தொடங்கி இந்த மாசியோடு பத்து ஆண்டுகள் நிறைகின்றன. பத்தாம் ஆண்டை எப்படிக் கொண்டாடினேன் என்று ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது இது வேறொன்றாகியிருக்கும். அதற்கு நான் மட்டும் பொறுப்பல்ல என்பதை முதலிலேயே பதிவுசெய்துவிடுகிறேன்.

டோர்செட் பார்க் என்பது கனடாவின் ஸ்காபரோவில் உயரமான கட்டடங்கள் நெருங்கி நிற்கும் ஒரு பகுதி. ஒவ்வொரு கட்டடத்திலும் கீழ்த்தளத்தில் ஒரு பொது மண்டபம் இருக்கும். பிறந்தநாள் வைக்கலாம், கூட்டம் கூடலாம், ஆனால் சுவரில் எதையும் ஒட்டக்கூடாது. பத்து ஆண்டுகளாக நான் அங்கே ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கட்டி, புரொஜெக்டரைப் பூட்டி, தேநீரும் பிஸ்கட்டும் வைத்துப் படம் காட்டுகிறேன். தவறாமல் வருவோர் மூவர். ஒருவர் வந்ததும் தூங்குவார். இன்னொருவர் தன் வீட்டில் ஹீற்றர் சரியில்லை என்பதால் வருகிறவர். மூன்றாமவர் நான்.

தை மாதக் கடைசியில் கதவுக்குக் கீழால் ஒரு கடிதம் வந்தது. மண்டபம் குறைவாகப் பயன்படுவதால் சனிக்கிழமைப் பிற்பகலை நடன உடற்பயிற்சி வகுப்பொன்றுக்குக் கொடுக்கப் போகிறார்களாம். நிர்வாகக் கந்தோருக்கு இறங்கிப் போனேன். அங்கே இருப்பவர் டயான் என்னும் பெண்மணி. நான் காட்டும் படங்களில் எல்லாம் ஓர் இன்ஸ்பெக்டர் வருவார். கண்முன்னே பிணம் எழுந்து நடந்தாலும், இதற்கொரு சாதாரணமான விளக்கம் இருக்கும் என்று தொப்பியைச் சரிசெய்வார். டயானும் அந்த வகை.

"ஆட்கள் வருவதில்லையே," என்றார்.

"படங்கள் நல்ல படங்கள்," என்றேன்.

"அது வேறு விஷயம்."

அரை மணி நேரம் நின்று வாதாடிய பிறகு ஒன்றுக்கு இணங்கினார். பத்தாம் ஆண்டுக் காட்சிக்குத் தானே வந்து பார்ப்பார். மண்டபத்தில் பாதியாவது நிறைந்திருந்தால் சனிக்கிழமை என்னுடையது.

அன்று மாலையே மகள் சுகி, தான் குடியிருக்கும் புறநகரான விட்பியிலிருந்து தொலைபேசியில் வந்தாள்.

"அப்பா, அவையள் ரூமை எடுத்தா நீங்கள் இஞ்சை வாங்கோ. பேஸ்மன்ற் சும்மாதான் கிடக்கு. உங்கட புரொஜெக்டரையும் பூட்டலாம்."

"ஆரோட இருந்து பாக்கிறது?"

"பிள்ளையளோட."

அந்தப் பிள்ளைகளுக்கு ஒருமுறை ஒரு படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். சின்னவன் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அம்மப்பா, இஸ் இற் ப்ரோக்கன்?" என்று கேட்டான். நிறம் இல்லாததால் தொலைக்காட்சி பழுதாகிவிட்டது என்று நினைத்திருக்கிறான்.

"தனிய உந்தப் பத்தாம் மாடியில என்னத்துக்கு இருக்கிறியள்? பீ ரியலிஸ்ரிக், அப்பா. மூண்டு பேருக்காகவா?"

எனக்குச் சூடேறிவிட்டது. "ரூம் போனா வாறன். போகாட்டி இதைப்பற்றி இனிக் கதைக்கக்கூடாது," என்று சொல்லிவிட்டேன். அவள் உடனே சரி என்றாள். தான் வெல்வாள் என்று அவளுக்குத் தெரியும். விட்பியில் அவர்கள் வீதியில் மனிதர் நடந்து நான் கண்டதில்லை. காராஜ் கதவு திறக்கும், கார் போகும், கதவு மூடும்.

2

உண்மையான பயங்கரங்களைப் பார்த்துவிட்டு வந்த மனிதருக்கு உந்தப் பேய்ப்படம் எதற்கு என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எரிச்சல் தரும் கேள்வி. ஆனாலும் பதில் உண்டு.

நானும் என் மனைவி தவமும் கனடாவுக்கு வந்து அகதி வழக்கு முடியாமல் இருந்த குளிர்காலத்தில், ஸ்காபரோவில் ஒரு நிலவறையில் இருந்தோம். வேலை செய்ய அனுமதி வரவில்லை. தெருவோரத்தில் யாரோ எறிந்திருந்த தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கி வந்தேன். கம்பி அன்ரெனாவை யன்னலோரம் வைத்தால் ஒரேயொரு சனல் தெளிவாக வந்தது. அதில் பிற்பகல்களில் கறுப்பு வெள்ளைப் பேய்ப்படங்கள். யாரும் விலைகொடுத்து வாங்காத படங்களாக இருக்க வேண்டும்.

மழை. பழுதாகி நிற்கும் கார். மலைமேல் ஒரு மாளிகை. உள்ளே அளவுக்கு மீறி மரியாதை தெரிந்த ஒரு மருத்துவர். ஒரு மணி நேரமும் கொஞ்சமும், அதற்குள் எல்லாம் முடிந்து பொழுது விடிந்துவிடும். காசு இல்லாத கம்பனிகள் எடுத்த படங்கள். மறு எடுப்புக்கு வசதி இல்லாததால் நடிகர்கள் ஒவ்வொரு சொல்லையும் முதல்முறையே திருத்தமாகச் சொல்லிவிடுவார்கள். நான் ஆங்கிலம் பேசப் பழகியது அவர்களிடம்தான். விளைவு, பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் முதல் வேலை கிடைத்தபோது, காய்ச்சல் கண்ட ஒரு நாள் மேற்பார்வையாளரிடம் போய், என் அன்பார்ந்த ஐயா, நான் சற்றே நலிவுற்றிருக்கிறேன் என்று பொருள்படச் சொன்னேன். அவர் மற்றவர்களைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். இன்றைக்கும் எதையாவது கைதவறி விழுத்தினால் என் வாயில் வருவது 'குட் ஹெவன்ஸ்'. சுகி சிறுமியாக இருந்தபோது பாடசாலைக் கூட்டங்களுக்கு என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, தாயை மட்டும் அழைத்துப்போனாள்.

அந்தப் படங்களின் அழகு எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவள் தவம். ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து திரையைப் பார்த்து, "உது போன கிழமை வந்த படியெல்லே," என்றாள். மருத்துவரின் மாளிகையில் இருந்த வளைந்த மாடிப்படிதான் இந்தக் கிழமை ஒரு மனநோய் விடுதியில் இருந்தது. அதன் பிறகு நாங்கள் பேயைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் படியைத் தேடத் தொடங்கினோம். அந்தப் படியை நான் மாளிகையாகவும் விடுதியாகவும் தேவாலயமாகவும் ஒருமுறை கப்பலின் உள்ளாகவும் கண்டிருக்கிறேன். மூன்று கிளை மெழுகுவர்த்தித் தாங்கி ஒன்று குடும்பம் குடும்பமாக மாறிப்போகும். சுவர் கட்டக் காசில்லாத இடத்தில் புகைமூட்டத்தை விடுவார்கள். மயானம் முழுவதற்கும் ஒரே ஒரு மரம். கமரா இரண்டு பக்கத்தால் சுற்றி வரும்.

இவ்வளவு இல்லாமையிலும் அந்த நடிகர்கள் இது பொய்தான் என்று ஒருபோதும் கண்ணடித்துக் காட்டமாட்டார்கள். இறப்பர் வௌவால் நூலில் தொங்கி ஆடும்போதும் அந்த மருத்துவர் உயிர்போகும் பயத்தோடு அதைப் பார்ப்பார். ஒரு மேசையையே சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் பாவித்துக்கொண்டு, விருந்தினர் வந்தால் விரிப்பை மாற்றி வைத்தவர்கள் நாங்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம், ஏளனம் செய்ய முடியவில்லை. பயங்கரத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் இதுதான் பதில். இங்கே பயங்கரம் எப்படிச் செய்யப்படுகிறது என்பது தெரிகிறது. நூல் தெரிகிறது. நாங்கள் கண்டதில் நூல் தெரியவில்லை.

தவம் இறந்துபோன பிறகு தனியே பார்த்தேன். படி வந்தது. அது வந்துவிட்டது என்று சொல்ல அறையில் ஆள் இல்லை. அடுத்த மாசியில் பார்ட்டி ரூமைக் கேட்டு விண்ணப்பித்தேன்.

3

பத்தாம் ஆண்டுக் காட்சிக்கு, அந்த மருத்துவராகவே வாழ்நாள் முழுக்க நடித்துத் தீர்த்த ஒரு நடிகரைத் தேர்ந்தேன். பெரிய பெயர் இல்லை. நரைத்த மீசை, கனிந்த கண்கள். அவருடைய படத்தையும், பெயரையும், பிறந்த இறந்த ஆண்டுகளையும் எழுதினேன். ஒருவரைக் குறிப்பிட்டால் ஆண்டுகளையும் குறிப்பிடுவது என் வழக்கம். அவருடைய நினைவாகச் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பார்ட்டி ரூமில் திகில் படம் காட்டப்படும், தேநீர் உண்டு என்று சேர்த்து, நேசனுக்கு அனுப்பினேன்.

நேசன் பிளாசாவில் அச்சகம் வைத்திருக்கிறார். பிறந்தநாள் பனர், அரங்கேற்ற அழைப்பிதழ் எல்லாம் செய்வார். ஆனால் கடை ஓடுவது மரண அறிவித்தல்களால்.

"அண்ணை, கறுப்பு வெள்ளையோ?" என்று தொலைபேசியில் கேட்டார்.

"ஓம். விசயம் அப்பிடி."

"சுத்திவரப் போடர் போடட்டோ?"

"போடும். வடிவா, மரியாதையா இருக்கவேணும். வருசங்கள் மட்டும் பிழைக்கக்கூடாது."

"என்ர கையில இதுவரைக்கும் வருசம் பிழைச்சதில்லை அண்ணை," என்றார், சற்று மனம் நொந்த குரலில்.

மாதிரியைத் தொலைபேசிக்கு அனுப்பினார். நான் இரண்டு விரலால் பெரிதாக்கி ஆண்டுகளைப் பார்த்தேன். சரி. பெரிதாக்கினால் மற்றதெல்லாம் திரைக்கு வெளியே போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். அச்சிடச் சொல்லிவிட்டேன்.

அந்த மற்றதெல்லாவற்றையும் நான் சனிக்கிழமைதான் பார்த்தேன். கறுப்புக் கரை. இருபுறமும் குத்துவிளக்கு. பிறப்பு இறப்பு என்று நான் எழுதியதை 'மலர்வு', 'உதிர்வு' என்று மாற்றியிருந்தார். 'அவருடைய நினைவாக' என்பது 'அன்னாரின் நினைவாக' ஆகியிருந்தது. தகவல் என்று போட்டு என் பெயரும் இலக்கமும் கொட்டை எழுத்தில். படம் காட்டப்படும் என்ற செய்தி அடியில், எறும்பு வரிசைபோல. நோட்டீசை அவரே கொண்டுபோய்ப் பலசரக்குக் கடை யன்னல்களில் ஒட்டியுமிருந்தார், வழமையாக ஒட்டும் இடத்தில், மற்ற மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்தில்.

4

புதன்கிழமை தொடக்கம் தொலைபேசி ஓயவில்லை. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. எல்லோரும் ஏன் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை. மண்டபம் பறிபோகப் போகும் செய்தி பரவிவிட்டது போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

"கேள்விப்பட்டம் அண்ணை. மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கோ," என்றார் ஒருவர்.

"நான் விடமாட்டன்," என்றேன்.

"அப்பிடிச் சொல்லக்கூடாது. ஒரு நாளைக்கு விடத்தானே வேணும்."

சனிக்கிழமை இரண்டரைக்கே ஒன்பதாம் மாடி இரத்தினம் அக்கா வந்துவிட்டார். எனக்கு நேர் கீழே குடியிருப்பவர்; இரவில் வீட்டில் நான் ஓட்டிப்பார்க்கும் புரொஜெக்டரின் சத்தத்துக்கு விளக்குமாற்றால் முகட்டைத் தட்டுகிறவர். பத்து ஆண்டில் ஒரு படத்துக்கும் வந்ததில்லை. வெள்ளைச் சேலை கட்டி, இடியப்பச் சட்டியோடு நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம். எல்லோர் கையிலும் ஏதாவது பாத்திரம். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று எங்கள் சனம் சமைத்துக்கொண்டு வருவது உங்களுக்குத் தெரிந்ததுதானே. மரக்கறிச் சொதி, சம்பல், கடலை வடை. அடுத்த கட்டடத்துச் சனமும் வந்தது. கதிரை போதாமல் நின்றார்கள்.

இரத்தினம் அக்கா சட்டியை வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"கலியாணத்துக்குத்தான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. செத்தவீட்டுக்காவது சொன்னியளே."

"ஆற்ற செத்தவீடு, அக்கா?"

அவர் கைப்பையிலிருந்து நோட்டீசை எடுத்து விரித்தார். "உங்கட சம்பந்தியின்ர."

அப்போதுதான் குத்துவிளக்குகளைப் பார்த்தேன்.

சுகியின் கணவன் பீற்றர் வெள்ளைக்காரப் பிள்ளை. நகரசபையில் பதிவுசெய்து, ஒரு சிறு உணவகத்தில் சாப்பிட்டு முடித்த கல்யாணம். யாருக்கும் சொல்லவில்லை. அதை இந்தக் கட்டடம் மன்னிக்கவில்லை. இப்போது தமிழ்க் கடை யன்னலில், விளக்குகளுக்கு நடுவே, ஒரு வயதான வெள்ளைக்காரர். கீழே என் பெயர். வேறு யாராக இருக்க முடியும்? அவர்களுடைய தர்க்கத்தில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் என்னை மேலும் எரிச்சலூட்டியது.

5

படம் முடிவதற்குள் டயான் வந்துவிடுவார். சனம் கலைந்தால் நான் விட்பி நிலவறைக்குப் போக வேண்டியவன். ஆனாலும் பொய்யான துக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டு நிற்க முடியாது. திரைக்கு முன்னால் போனேன்.

"கொஞ்சம் பொறுங்கோ. ஒரு பிழை நடந்துபோச்சு. இவர் எனக்குச் சொந்தமில்லை. இவர் ஒரு நடிகர். செத்துக் கனகாலம்."

மண்டபம் என்னைப் பார்த்தது. பின்னாலிருந்து ஒருவர் இரக்கத்தோடு சொன்னார்:

"ஓம் அண்ணை. முதல்ல ஒருத்தராலையும் நம்பேலாமத்தான் இருக்கும்."

"ஆண்டைப் பாருங்கோ," என்றேன். "உதிர்வு எண்டு போட்டிருக்கிற ஆண்டைப் பாருங்கோ."

யாரும் பார்க்கவில்லை. ஆண்டுகளைப் பார்க்கும் ஒரே ஆள் இந்தக் கட்டடத்தில் நான்தான். விளக்கை அணைத்துப் படத்தை ஓட்டினேன்.

மழை. கார். மாளிகை. கதவு திறந்து மருத்துவர் வந்தார். சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

"நடிகரெண்டு சுகி சொல்லவேயில்லை."

"வடிவான மனிசன். பாவம்."

மரியாதைக்காக எழுந்து போக முடியாமல் எல்லோரும் இருந்தார்கள். மருத்துவர் நிலவறையில் எதையோ பூட்டி வைத்திருப்பது தெரிந்ததும் கதிரைகள் கிறீச்சிட்டன. வௌவால் நூலில் இறங்கி வந்தபோது முன்வரிசையில் இரண்டு பெண்கள் வாயைப் பொத்தினார்கள். துக்க வீட்டில் சிரிக்கலாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது திரை வெளிச்சத்தில் தெரிந்தது. படத்தின் நடுவில் கதை மருத்துவரின் மாளிகையை விட்டு நகரத்து வைத்தியசாலைக்குப் போகும். வைத்தியசாலைக்குள் ஒரு வளைந்த மாடிப்படி.

"உது முதல் வந்த படியெல்லே," என்றார் இரத்தினம் அக்கா, இருட்டில், பலமாக. "இதிலதானே அந்தப் பெட்டை இறங்கி ஓடினவள். இப்ப ஆஸ்பத்திரியாம்."

நான் புரொஜெக்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிறிது நேரம் படத்தைப் பார்க்கவில்லை.

"மெழுகுதிரியும் அதுதான்," என்றது இன்னொரு குரல்.

"பூச்சாடியை மட்டும் மாத்திப்போட்டாங்கள்."

அதன் பிறகு யாரும் வாயைப் பொத்தவில்லை. புகை வந்தால், "அங்கை சுவர் இல்லைப்போல," என்றார்கள். இன்ஸ்பெக்டர் வந்ததும், "உவர் எங்கட கந்தோர் மனிசி மாதிரியெல்லே," என்று ஒருவர் சொல்ல, மண்டபமே சிரித்தது. பத்து ஆண்டுகளாக நான் தூங்குகிற ஒருவருக்கு முன்னால் நினைத்துக்கொண்டிருந்ததை எல்லாம் அவர்கள் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தார்கள்.

அப்போது கதவு திறந்தது. காட்சிக்கு வருவதாகச் சொல்லியிருந்து, நெடுஞ்சாலை நெரிசலில் பிந்திப்போன சுகி வந்தாள். அவளோடு பீற்றரின் தந்தை ரோய், நரைத்த மீசையும் தோளில் பனியுமாக. அவருடைய பழக்கதோஷம், உள்ளே வராமல் வாசலில் நின்று எல்லோருக்கும் தலைவணங்கினார்.

"இரத்தினம் அன்ரி, இவர்தான் பீற்றரின்ர டாட்," என்றாள் சுகி.

சிரிப்பு நின்றது. திரையில் மருத்துவர் பிணத்தை எழுப்பிக்கொண்டிருந்தார். இரத்தினம் அக்கா நோட்டீசைப் பார்த்தார், ரோயைப் பார்த்தார், மறுபடி நோட்டீசைப் பார்த்தார். யாரோ ஒருவருடைய வடை தரையில் விழுந்தது.

"அப்ப செத்தது ஆர்?"

நான் விளக்கைப் போட்டேன். மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். இம்முறை நம்பினார்கள். உயிரோடு ஆள் முன்னால் நிற்கும்போது நம்பாமல் என்ன செய்வது? சுகி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். அவளே விஷயத்தை ரோய்க்கு ஆங்கிலத்தில் சொல்ல, அவர் நோட்டீசை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்து, தன்னைவிட அந்த மனிதர் அழகு என்றார். சரியாக அந்த நேரத்தில் டயான் உள்ளே வந்தார். நிறைந்த மண்டபத்தையும் கறுப்புக் கரையையும் பார்த்து, குரலைத் தாழ்த்தி, இது அஞ்சலிக் கூட்டமா என்று கேட்டார்.

"ஆமாம்," என்றார் ரோய். "எனக்குத்தானாம்."

பத்து ஆண்டில் டயான் சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். மீதிப் படத்தையும் நின்று பார்த்தார். போகும்போது, நடன வகுப்பை ஞாயிறுக்கு மாற்றுவதாகச் சொன்னார். ரோய் முன்வரிசையில் இரத்தினம் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தார். சிறுவயதில் ஹமில்டனில் சனிக்கிழமைக் காட்சிகளில் இந்த மாதிரிப் படங்களைப் பார்த்தவராம். மருத்துவரின் கடைசி வசனத்தை அவரும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். அதுவரை நாங்கள் இருவரும் காலநிலையைத் தவிர வேறொன்றும் பேசியதில்லை.

6

இடியப்பம் பரிமாறப்பட்டது. சமைத்ததை எறிய முடியாதே. நான் புரொஜெக்டரைக் கழற்றிக்கொண்டிருக்க, சுகி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, இது கணக்கில வராது. அவையள் படம் பாக்க வரேல்லை. செத்தவீட்டுக்கு வந்தவை."

நான் வயரைச் சுற்றத் தொடங்கினேன்.

"அடுத்த கிழமை பழையபடி மூண்டு பேர்தான். டயான் திரும்பவும் கடிதம் போடுவா. நான் உங்களை வெல்லவேணும் எண்டு சொல்லேல்லை. வின்ரரில நீங்கள் விழுந்து கிடந்தா எனக்கு ஆர் சொல்லுறது?"

அவள் சொன்னது நியாயம். இரண்டு விஷயங்களிலும் நியாயம். எங்கள் சனத்தை ஓரிடத்தில் கூட்டுவதற்கு ஒருவர் சாக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் யாரைக் கொல்வது? வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். சுற்றி முடிந்த வயரை அவிழ்த்து மறுபடி சுற்றினேன்.

இரத்தினம் அக்கா கழுவிய சட்டியைத் துடைத்தபடி எங்களிடம் வந்தார். வெள்ளைச் சேலையில் சொதி தெறித்திருந்தது. முகத்தை நன்றாகத் துக்கமாக வைத்துக்கொண்டார்.

"தம்பி, எட்டு எப்ப?"

இறந்தவருக்கு வைக்கும் எட்டாம் நாள் படையலுக்கும் சனம் சமைத்துக்கொண்டு வரும். பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த மற்றவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர், தான் கத்தரிக்காய்க் கறி கொண்டுவருவதாகச் சொன்னார். மெழுகுதிரியை முதலில் கண்டுபிடித்தவர் தான்தான் என்று இன்னொருவர் சண்டை பிடித்தார். ரோய், என்ன பேசுகிறார்கள் என்று சுகியைக் கேட்டார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாளையும் சேர்த்து எண்ணுவது எங்கள் முறை. விரல் மடித்துப் பார்த்தேன். இந்த விஷயங்களில் நான் பிழைவிடுவதில்லை.

"வாற சனிக்கிழமை, அக்கா," என்றேன். "மூண்டு மணிக்கு."